கை படாத ஏழு கிட்டார்கள்

ஜூன் 3

காற்று தென்மேற்கு, பலம். மீன்: ஊளி. குழாய்த் தண்ணீர் வரவில்லை.

கப்பலில் சமையல்காரனாக இருந்த முப்பத்தொரு வருடமும் அடுப்படிப் புத்தகத்தில் இப்படித்தான் எழுதினேன். கரைக்கு வந்து இரண்டு வருடமாகியும் கை விடமாட்டேன் என்கிறது. பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தேறியவனுக்கு வேறென்ன எழுதத் தெரியும்.

இன்றைய விசேஷம்: பெங்களூரிலிருந்து மகள் டெல்பின் பேசினாள். தலைப்பிரசவம். ஜூலை கடைசியில் மாதா கோயில் கொடி ஏறுவதற்குள் அவளை இங்கே அழைத்து வந்துவிட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் எங்கே படுக்க வைப்பது? வீட்டில் கடல்காற்று வரும் அறை ஒன்றே ஒன்று, மாடி அறை. அதன் சுவர்களில் என் ஏழு கிட்டார்கள் குடியிருக்கின்றன.

"அறை வேணும்ங்க," என்றாள் ஜெசிந்தா.

"எல்லாத்தையும் வித்துருவோமா?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

இந்த மரக்கட்டைகளை என்றைக்கு ஒழிக்கப் போகிறீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்பாள், அப்போது பெருந்தன்மையாகச் சம்மதிக்கலாம் என்று இருபது வருடமாகக் காத்திருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்காவது கையைத் தட்டிச் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"உங்க சாமான். உங்க இஷ்டம்," என்றாள். எழுந்து போய், இன்னும் பொங்காத பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

ஜூன் 5

காற்று அதே. மீன் இல்லை. முட்டைக் குழம்பு.

விளம்பரம் எழுதினேன். ஒற்றை விரலால் போனில் தட்டி முடிக்க ஒரு முழுக் காலை போயிற்று. ஏழுக்கும் நான் வைத்த பெயர்களை விளம்பரத்தில் போட முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கர்ப்பிணி: மெக்சிகோ. வயிறு பெரிய தண்ணீர்க் குடம் போல. கட்டிப்பிடித்தால் கை எட்டாது. இட்லிக் கொப்பரை: வயிற்றில் மரத்துக்குப் பதில் ஓட்டை ஓட்டையாய் அலுமினியத் தட்டு. ஏழுகம்பி: ஒடெஸா துறைமுகம். எல்லாருக்கும் ஆறு கம்பி என்றால் இதற்கு ஒன்று கூட. மயில்: லிஸ்பன். முறுக்காணிகள் தலையில் தோகை மாதிரி விரிந்திருக்கும். துடுப்பு: மெலிந்தது, வயிறே கிடையாது. மாறுகண்: பிரேசில், சாந்தோஸ். சின்னது. சத்தம் வரும் ஓட்டை நடுவில் இல்லாமல் தோளோரம் இருக்கும். கடைசியாக என் கொம்பன்: ஆண்ட்வெர்ப்பில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்தது. கழுத்துக்குப் பக்கத்தில் யானைத் தந்தம் போல இன்னொரு கை வளைந்து போகும், அதில் தனியாகக் கம்பிகள்.

கூட வேலை பார்த்தவர்கள் டி.வி., செண்ட் என்று வாங்கி வந்தபோது நான் மட்டும் இவற்றை வாங்கினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. கொச்சியில் ஒரு தடவை கப்பல் மூன்று வாரம் நின்றபோது ஒருவரிடம் கற்றுக்கொள்ளப் போனேன். நாலாவது நாள் அவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "நீங்க சமைங்க சேட்டா," என்றார். அதோடு சரி.

விளம்பரத்தில் எழுதிய வாசகம்: "ஏழு அபூர்வ கிட்டார்கள். வீட்டில் யாரும் வாசித்ததில்லை. கை படாதவை."

உண்மைதான். ஒவ்வொரு தடவை கப்பல் ஏறும்போதும் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். தூசி தட்டு, கம்பியில் மட்டும் கை வைக்காதே என்று. ஒரே ஒரு தடவை, டெல்பினுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, சொந்தக்காரர்கள் வந்திருந்த அன்று இவள் மாறுகண்ணை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதையும் தலைகீழாக. "கிட்டாரா, முறமா? அரிசி புடைக்கப் போறியா?" என்று கேட்டேன். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஜூன் 9

நெத்திலி. ஆய்ந்து கொடுத்தேன். வெங்காயம் ஜெசிந்தா நறுக்கினாள். கப்பலில் என் கீழே இருந்திருந்தால் முதல் வேலையாகக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பேன். பீச்சாங்கையால்தான் நறுக்குவாள். என் அம்மா உயிரோடு இருந்தவரை திட்டித் திட்டி, பரிமாறுவதை மட்டும் சோற்றுக்கைக்கு மாற்ற முடிந்தது.

விளம்பரம் பார்த்து ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் இட்லிக் கொப்பரை தேங்காய்ப் பால் பிழிய ஆகுமா என்று கேட்டார். கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை. மரியாதையாகவே பதில் சொன்னேன்.

ஜூன் 14

கன்னியாகுமரி ஓட்டல்காரர் ஒருவர் வந்து கர்ப்பிணியையும் துடுப்பையும் எடுத்துக்கொண்டார். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவாராம். கர்ப்பிணி இறங்கும்போது படி வளைவில் மாட்டிக்கொண்டது. "மெல்லம்மா, மெல்ல," என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஜெசிந்தாதான் பழைய சாக்குகளால் சுற்றிக் கொடுத்தாள். சுறுசுறுப்பாக இருந்தாள். இவளுக்கு நிம்மதிதான் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 19

காற்று அடங்கியது. வெக்கை. மீன்: சீலா.

இன்று மதுரையிலிருந்து குணசீலன் வந்தார். இசைக்கருவி பழுது பார்ப்பவர், வாங்கி விற்பவர். பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு டார்ச். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் விட்டுப் பார்த்தார். ஏழுகம்பி, மயில், கொப்பரை மூன்றையும் தலையசைத்து ஓரமாக வைத்தார். மாறுகண்ணைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"சார், கை படாததுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. சத்தியமா."

"இது நல்லா வாசிச்ச கிட்டார் சார்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் முதல் ஐந்தும் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தன. பலகையில் விரல் உரசி மெருகு போயிருந்தது.

"தினம் ஒரு மணி நேரம்னாலும் இதுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். இன்னொண்ணு பாருங்க. தடிக் கம்பி எந்தப் பக்கம் இருக்கு?"

"அந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம் இருக்கணும். எல்லாமே மாத்திப் போட்டிருக்கு. கம்பி உட்காருற எலும்பைக் கூட இழைச்சுப் புதுசா வச்சிருக்காங்க. இடது கைக்காரங்க வாசிக்கிறதுக்கு."

பதினெட்டு வருடம் என் வீட்டுச் சுவரில் என் கண் முன்னால் தொங்கியது. லீவில் வரும்போதெல்லாம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். கம்பிகள் தலைகீழாக இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. சமையல்காரன் ஒருவன் உப்பு டப்பாவில் சீனி இருப்பதைப் பதினெட்டு வருடம் கவனிக்காத மாதிரி.

"அந்த பிரேசில்காரன் பழசைத் தலையில கட்டிட்டான்," என்றேன்.

"கம்பி ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்டது சார். இந்த உப்புக்காத்துல அதுக்கு மேல தாங்காது," என்றார். "வீட்ல யாரு லெஃப்ட் ஹேண்ட்?"

"அப்படி யாரும் இல்லையே."

ஜெசிந்தா அப்போதுதான் டீயோடு வந்து நின்றாள். "சீனி போதுமா சார், பாருங்க," என்றாள்.

கொம்பனைத் தவிர நான்கையும் அவர் எடுத்துக்கொண்டார். கொம்பனைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மாடிப்படிக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம். மாறுகண்ணைக் கட்டச் சாக்கு தீர்ந்துவிட்டது. ஜெசிந்தா தன் நீலப் பருத்திச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து சுற்றினாள். நன்றாக இருக்கும் சேலை. "இது எதுக்கு?" என்றேன். "இருக்கட்டும்," என்றாள்.

ஜூன் 20

சாந்தோஸ் கடைக்காரனை நாள் முழுக்கத் திட்டினேன். சாப்பிடும்போதும் திட்டினேன். "விடுங்க, அவன் என்ன பாவம் பண்ணினான்," என்றாள் ஜெசிந்தா.

ஜூன் 21

யோசித்துப் பார்த்தால் கடைக்காரன் இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்து கம்பி மாட்டியிருக்க முடியாது. அப்படியென்றால் டெல்பின். கள்ளி. கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் எங்கப்பா? எனக்கு ரெண்டு மாசத்துலயே அலுத்துப் போச்சுல்லா." பிறகு கேட்டாள்: "அதையும் வித்துட்டியளா?"

"வித்தாச்சு."

"அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"அவ என்ன சொல்லணும்?"

"அம்மாட்ட கேளுங்கப்பா," என்று வைத்துவிட்டாள்.

கேட்கவில்லை. துணி காயப்போட்டேன்.

ஜூன் 22

பால் வாங்கப் போகும்போது பக்கத்து வீட்டு லீமா டீச்சர் வாசலில் நின்றார். ரிட்டையரான டீச்சர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றும் வீட்டுப்பாடம் கேட்பது போலத்தான் பேசுவார்.

"ஏ மச்சாது, எல்லாத்தையும் வித்துட்டியாமே. அந்தச் சின்னதையுமா?"

"ஆமா டீச்சர்."

"அப்ப ஜெசி இனி எதுல வாசிப்பா?"

நான் பால் பாத்திரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். டீச்சருக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஒனக்குத் தெரியாதாய்யா?"

தெரியாதாம். எனக்குத்தான் தெரியாதாம். டெல்பினுக்குச் சொல்லிக்கொடுக்க டீச்சருடைய தம்பி வந்தாராம். பிள்ளை ஓடிப்போன பிறகு தாய் உட்கார்ந்தாளாம். பீச்சாங்கைக்குத் தோதாக அவரே கம்பியை மாற்றிக் கொடுத்தாராம். தினம் சாயங்காலம் நாலு மணி. நான் லீவில் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தி, துடைத்து, ஆணியில் மாட்டிவிடுவாளாம். தெருவுக்கே தெரியும். பால்காரருக்குத் தெரியும். மீன்காரி சலேத்துக்குத் தெரியும், கூடையை இறக்கி வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போவாளாம்.

"நீ ரிட்டையர் ஆயி வந்தியா, அதோட நின்னு போச்சு," என்றார் டீச்சர். "ரெண்டு வருஷமா நாலு மணி ஆனதே எங்களுக்குத் தெரியல."

பால் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 23

காற்று தெரியவில்லை. மீன் என்ன என்று நினைவில்லை.

அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு லீவிலும் அவள் வலது கை விரல் நுனிகள் காய்ப்புக் காய்ப்பாக இருக்கும். துணி சோப்பு என்று நினைத்தேன்; கம்பியை அழுத்திய கை அது என்று தெரியாது. பாவமாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஆறு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்து கொடுத்தேன். "தேங்ஸ்ங்க," என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது விரல்கள் பூப்போல இருக்கின்றன. நான் வீட்டு வேலையில் கூட நிற்பதால் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24

கேட்டுவிட்டேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"டீச்சர் சொன்னாவ," என்றேன்.

"சொல்லியிருப்பாவ. அவுக வாய் சும்மா இருக்குமா."

"அன்னைக்கு முறம்னு சொல்லிட்டேன். அதுக்கா மறைச்ச?"

"அது அப்பம் வலிச்சுது. ஒரு வருஷம் வலிச்சுது. அப்புறம் போயிட்டு."

"பிறகு ஏன் சொல்லல ஜெசி? தெரிஞ்சிருந்தா நான் சந்தோஷம்தானே பட்டிருப்பேன்."

அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

"அதுக்குத்தான் சொல்லல. நீங்க சந்தோஷப்படுவிய. ஒங்க கேப்டன், ஒங்க சேக்காளி, சித்தப்பா மக்க எல்லாரையும் கூட்டியாருவிய. இந்தா பாருங்க மெக்சிகோ, இந்தா பாருங்க லிஸ்பன், இந்தா பாருங்க எம்பொண்டாட்டி, வாசிப்பா, வாசி ஜெசின்னு சொல்லுவிய. எட்டாவதா என்னையும் அந்தச் சுவத்துல மாட்டியிருப்பிய."

அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேற்று முன்தினம் வந்த ஒருவருக்கு, வாங்கமாட்டார் என்று தெரிந்தும், கொம்பனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"வித்தது நல்லதுதான்," என்றாள். "பிள்ளைக்கு அறை வேணும்லா. எனக்கும் கை விட்டுப் போச்சு."

காம்புகளைப் பொறுக்கினேன். என் பங்குக் கீரையில் பாதி காம்புதான் இருந்தது. அவள் அதை வாங்கி மறுபடி உருவினாள்.

ஜூன் 26

மதுரை போய்விட்டு வந்தேன். வங்கி வேலை என்று ஜெசிந்தாவிடம் பொய் சொன்னேன். அவள் மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கொம்பனைப் போர்வையில் சுற்றிக் கொல்லைப்புறமாகக் கடத்தினேன்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் கேட்டார்: "இது என்ன அண்ணாச்சி, ரெண்டு தலை? ரெண்டு டிக்கெட் போடட்டுமா?"

"ஒண்ணு போடுங்க. ஒரு தலை என்னுது," என்றேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது.

குணசீலன் கடையில் மாறுகண் மேசை மேல் கிடந்தது. கம்பியெல்லாம் கழற்றி, மொட்டையாக. நல்லவேளை, விற்கவில்லை. கொடைக்கானலில் ஒருவருக்குச் சொல்லி வைத்திருந்தார். கொம்பனைப் போர்வையிலிருந்து பிரித்துக் காட்டினேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இதத் தாரேன். அதக் குடுங்க."

"சார், இது எங்க, அது எங்க. நஷ்டம் உங்களுக்கு."

"தெரியும்."

அவர் கொம்பனை மெல்லக் கீழே வைத்தார். "டீ கொண்டாந்தாங்களே, அவங்களா?"

தலையாட்டினேன்.

"நான் அப்பவே நினைச்சேன். டம்ளரை எந்தக் கையில எடுத்து எந்தக் கைக்கு மாத்திக் குடுத்தாங்கன்னு பாத்தேன்." பிறகு கேட்டார்: "அவங்க வேணும்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

"வாசிப்பாங்களா?"

"தெரியல."

கம்பி மாட்டித் தரவா என்றார். வேண்டாம் என்றேன். எந்தக் கம்பி, எப்போது என்பதெல்லாம் அவள் பாடு. அவ்வளவாவது எனக்குப் புரிந்திருந்தது. நீலச் சேலையை மடித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது ஜெசிந்தாவிடம் சொல்ல நல்ல நல்ல வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். எட்டயபுரம் தாண்டும்போது எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு நன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்து நின்றதும் வாயில் வந்தது: "நாளைக்கு என்ன மீன் வாங்கட்டும்?"

அவள் சேலைப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு மாடிப்படிக்கு மேலே வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"இதுக்கா அதக் குடுத்திய?"

"ஆமா."

"பைத்தியம்," என்றாள். வாங்கிக்கொண்டு போய் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாற்போல.

ஜூலை 2

மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளை அடைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. நாலு மணிக்குக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு ஆறு மணிக்கு வந்தேன். பீரோவுக்குப் பின்னால் மூட்டை அப்படியே இருந்தது.

ஜூலை 6

"தினம் நாலு மணிக்கு எங்க போறிய?"

"நடக்க. டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"ஒரு டாக்டர்."

ஜூலை 11

மழை மாதிரி வந்து போய்விட்டது. குடையோடு நடந்தேன். மூட்டை அப்படியே.

ஜூலை 15

அப்படியே. எனக்குக் கால் வலிதான் மிச்சம். ஆனால் இரண்டு சுற்று இளைத்திருக்கிறேன். சலேத்து மீன் தராமல் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "நாலு மணிக்கு வீட்டுல இருக்கியளா, போறியளா?" என்று கேட்டாள். போகிறேன் என்றேன். ஊளி இரண்டு கூடப் போட்டாள்.

ஜூலை 18

குப்பையைக் கொட்டப் போனபோது வாளியின் அடியில் ஒரு காலி உறை கிடந்தது. புதுக் கம்பி வரும் காகித உறை.

அதன் மேல் வெங்காயத் தோலைத் தள்ளி மூடினேன். பார்க்காத மாதிரி கொட்டிவிட்டு வந்தேன். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜூலை 21

டெல்பின் வந்துவிட்டாள். ஸ்டேஷனில் இறங்கியதும் என்னைப் பார்த்து, "என்னப்பா இப்படி இளைச்சிட்டிய," என்று அழுதாள். அவளைப் பார்த்து நான் சொல்ல நினைத்த வார்த்தை எதிர்ப்பதமானது, அதனால் சொல்லவில்லை. மாடி அறையில் படுத்ததும் தூங்கிப்போனாள். நல்ல காற்று.

ஜூலை 23

இதை பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டெல்பினுக்கு மக்ரூன் வாங்கலாம் என்று வந்தேன். நோட்டைக் கையோடு எடுத்து வந்தது நல்லதாயிற்று.

நாலரைக்கு வீட்டுக்குக் கிளம்ப எழுந்தேன். மகள் வந்திருக்கிறாளே, இன்றைக்கு நடை வேண்டாம் என்று. போன் அடித்தது.

"அப்பா, எங்க நிக்கிய?"

"இந்தா வந்துட்டே இருக்கேன்."

"வராதிய."

"வலி வந்துட்டா மக்களே? ஆட்டோ சொல்லட்டா?"

"ஐயோ, வலி இல்லப்பா." குரலை இறக்கினாள். "அம்மா எடுத்துருக்காவ. நான் தூங்குதேன்னு நெனச்சுக்கிட்டு கீழ இருந்து... நான் கூப்பிடுத வரைக்கும் வந்துராதிய."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் தெரு கேட்டிருக்கிறது. பால்காரர் கேட்டிருக்கிறார். இப்போது என் பேரப்பிள்ளைகூட உள்ளே இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும்.

"மக்களே, போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நீட்டேன்," என்றேன்.

"நீட்டட்டா? கேக்குதா பாருங்க."

படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, இரண்டு படி.

"வேண்டாம்," என்றேன். "வேண்டாம்மா. வை." அவள் வைப்பதற்கு முன்னால் நானே வைத்தேன்.

மணி ஐந்தேமுக்கால். பேக்கரிக்காரர் மூன்றாவது டீயை வைத்துவிட்டு, வீட்டில் ஏதும் சண்டையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. டெல்பினுக்கு வாங்கிய மக்ரூனில் பாதியைத் தின்று தீர்த்துவிட்டேன்.

இன்னும் கூப்பிடவில்லை. நல்லது.